கள்ளி வரை

சகர் என்றால் எங்கள் மொழியில் கந்தல் துணி. பெற்ற மகளுக்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் டக்காரிலிருந்து எங்கள் தீவுக்குக் கடலில் குளிக்க வருகிறவர்கள் கேட்பார்கள். அடுப்பில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "பெத்தாத்தானே? என்னைத் தவிட்டுக்கு வாங்கினாங்க" என்பேன். சிரித்துவிட்டு இன்னொரு மீன் கேட்பார்கள். நான் சொன்னது அத்தனையும் நிஜம் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

எனக்கு முன்னால் என் அம்மா தபராவுக்கு மூன்று குழந்தைகள் பிறந்தன. மூன்றும் எட்டாம் நாள் பெயர் வைப்பதற்குள் போய்விட்டன. அது மூன்று குழந்தை இல்லை, ஒரே குழந்தைதான் வந்து வந்து போகிறது என்பார்கள் எங்கள் லெபு ஜனங்கள். பெற்றவள் தன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால் அதற்கு அது ஒரு விளையாட்டாம். ஆகவே நான் பிறந்ததும் அம்மா என்னைக் கிழிந்த துணியில் சுற்றிக் குப்பைமேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். பக்கத்து வீட்டில் என் சித்தப்பாவின் மனைவி யாந்தே இருந்தாள். அவள் போய், "யாரோ கந்தலத் தூக்கிப் போட்டிருக்காங்க, நான் எடுத்துக்கறேன்" என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டு என்னை எடுத்துவந்து, ஒரு படி கம்புத் தவிட்டுக்கு அம்மாவிடமே விற்றாள். அடையாளத்துக்கு என் இடது காது மடலில் ஒரு சின்ன வெட்டு உண்டு. இவ்வளவு அசிங்கமானதை யார் தேடி வருவார்கள்? ஒருவரும் வரவில்லை. நான் பிழைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் அம்மா அசந்துவிடவில்லை. பெருநாளில் ஊரில் மற்ற பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை, எனக்குச் சின்னம்மா வீட்டுப் பையன்கள் போட்டுக் கழித்த சட்டை. பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தேன் என்று ஓடிவந்து சொன்னால், "மத்ததெல்லாம் அவ்வளவு மக்கா?" என்பாள். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் அறைவாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, வெறும் காற்றைப் பார்த்து, "இங்க ஒண்ணுமில்ல, போங்க, இது யாருக்கும் வேணாத சரக்கு" என்று விடியும்வரை திட்டிக்கொண்டிருப்பாள். திட்டுகிற வாயை விட்டுவிட்டுப் பார்க்கிற கண்ணை மட்டும் பார்க்க நான் சின்ன வயதிலேயே பழகிவிட்டேன்.

எங்கள் தீவைச் சுற்றிவர ஒரு பானைச் சோறு வேகிற நேரம் போதும். இவ்வளவு சின்ன இடத்தில் மனுஷன் சண்டை போட வேறு என்ன இருக்கிறது? எல்லைதான். எதிரே டக்கார், கூப்பிட்டால் கேட்கும் தூரம். அங்கே இடம் கிடைக்காத பணமெல்லாம் படகேறி இங்கே வருகிறது. சிமெண்ட் மூட்டை, கம்பி, கல், ஜன்னல் எல்லாமே படகில்தான் வரவேண்டும், வந்துகொண்டேதான் இருக்கின்றன. வருஷத்துக்கு வருஷம் சுவர்கள் உயர்கின்றன, சந்துகள் குறுகுகின்றன. இரண்டு பெண்கள் மீன்கூடையோடு எதிரெதிரே வந்தால் ஒருத்தி சுவரில் பல்லியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். மாமியாரும் மருமகளும் எதிரெதிரே வந்துவிட்டால் அன்றைக்கு யாருக்குமே வழி கிடையாது.

சுவர்கள் வருவதற்கு முன் எங்களுக்கு எல்லை என்றால் கள்ளிதான். ஒரு கொம்பை ஒடித்து நட்டால் தண்ணீர் ஊற்றாமலே பிடித்துக்கொள்ளும், ஆடும் வாய் வைக்காது. தாத்தா இறந்ததும் அப்பாவும் சித்தப்பா லிபாஸும் பெரியவர்கள் முன்னால், வாக்குக்குச் சாட்சியாகக் கோலாக் கொட்டையை உடைத்துத் தின்று மனையைப் பிரித்துக்கொண்டார்கள். கள்ளி வரை அண்ணனுக்கு, கள்ளிக்கு அந்தப் பக்கம் தம்பிக்கு. அந்த வார்த்தைதான் எங்களுக்குப் பத்திரம்.

ஆனால் எங்கள் மனையில் கள்ளி இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று எல்லைக் கள்ளி. இன்னொன்று எல்லையிலிருந்து எங்கள் பக்கம் சற்று உள்ளே, மேடான இடத்தில், அம்மா நட்ட மூன்று கொம்புகள். தீவில் மயானம் கிடையாது. செத்தவர்களைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோகிறோம். பெயர் வைக்காமல் போன குழந்தைக்கு மட்டும் படகும் இல்லை, கூட்டமும் இல்லை. வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பின்பக்கம் புதைத்து மேலே ஒரு கள்ளிக் கொம்பை நட்டுவிட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டு சமைக்கப் போவார்கள். பிறகு அதைப் பற்றிப் பேசக்கூடாது, அழவும் கூடாது. பேசினால் அதற்குக் காது கேட்குமாம். நம்மைத் தேடுகிறார்கள் என்று கிளம்பிவருமாம், வந்து வீட்டில் இருக்கிற பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகுமாம். எங்கே புதைத்தீர்கள் என்று ஆண்கள் கேட்பதில்லை. அப்பா அப்போதெல்லாம் மீன் தேடித் தெற்கே போயிருந்தார், சித்தப்பா கப்பலில் சமையல்காரராக இருந்தார்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அம்மா தினமும் பானையிலிருந்து முதல் கரண்டிச் சோற்றை அந்தக் கள்ளியடியில் போடுவாள். கேட்டால், "கோழிக்கு" என்பாள். எங்கள் வீட்டில் கோழி இருந்ததே இல்லை. யாந்தே சின்னம்மாவைப் பிடித்துக் குடைந்து குடைந்து ஒருநாள் விஷயத்தைக் கறந்துவிட்டேன். சொல்லிவிட்டு அவள் பதறிப்போய் என் வாயில் ஒரு பிடி உப்பைத் திணித்தாள்.

பிறகு ஒரு வருஷம் கடல் பொங்கி மனைக்குள் ஏறியது. தாழ்வில் இருந்த எல்லைக் கள்ளி முழுக்க அழுகிப்போயிற்று. மேட்டில் இருந்த அம்மாவின் கள்ளி தப்பித்து, அடர்ந்து, வேலி மாதிரியே நீண்டு வளர்ந்தது. அழுகின இடத்தில் யாரும் மறுபடி நடவில்லை. அண்ணன் தம்பிக்குள் என்ன வேலி என்று விட்டுவிட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்தார். நான் தாவுதாவைக் கட்டிக்கொண்டேன். அவன் கரைக்கும் தீவுக்கும் ஆள் ஏற்றிப் படகு ஓட்டுகிறவன். வாய் திறந்து பேசுவதை அதிகச் செலவென்று நினைக்கிறவன். அம்மாவோடு அதே வீட்டில் இருந்தோம்.

நான் தலைப்பிள்ளை உண்டாகி வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நின்ற மாதத்தில் சித்தப்பா கயிறு கட்டினார்.

சித்தப்பா திருடர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் இருக்கிற மகன்கள் அனுப்பியதை வைத்து, அலையில் பலகை விட வருகிற வெள்ளைக்காரர்களுக்கு நாலு அறை கட்டி வாடகைக்கு விடலாம் என்று ஆசைப்பட்டார். கொத்தனாரோடு வந்து முளை அடித்து, அம்மாவின் கள்ளி வரைக்கும் கயிற்றை இழுத்தார். கள்ளியைப் பிடுங்கிவிட்டு அந்த வரிசையிலேயே சுற்றுச்சுவர். சுவருக்கு உள்பக்கம், சரியாக அந்த மேட்டில், கொத்தனார் காலால் ஒரு வட்டம் போட்டார்.

"அது என்ன?" என்று கேட்டேன்.

"கக்கூஸ் குழி. மேடா இருக்கே, கடல் தண்ணி ஊறாது" என்றார் கொத்தனார்.

அம்மா முற்றத்தில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை நிற்கவில்லை. ஒரே ஒரு தடவை உரலின் விளிம்பில் பட்டு எழுந்தது, அவ்வளவுதான்.

"சித்தப்பா, எல்லை அங்க இருந்தது. அழுகிப்போன கள்ளிதான் எல்லை. இது இல்ல" என்றேன்.

"எங்கண்ணன் கள்ளி வரைன்னு சொன்னான். இதோ கள்ளி. நானா நட்டேன்? உங்க பக்கத்துலேருந்து ஒரு பிடி மண் எனக்கு வேணாம்மா. இது எல்லை இல்லேன்னா, இந்த இடத்துல எதுக்குக் கள்ளி நட்டீங்கன்னு சொல்லு, நான் கயித்தச் சுருட்டிக்கறேன்."

நியாயமான கேள்வி. பதில் தெரிந்தவள் உரலருகே இருந்தாள். நான் வாயைத் திறக்குமுன், "அடுப்புல என்னமோ தீயுது, போய்ப் பாருடி" என்றாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

சாயங்காலம் அவளிடம் சண்டை பிடித்தேன். "ம்மா, வெள்ளைக்காரன் பேண்டு வைக்கறதுக்கா அங்க வெச்சே அவங்கள? நீ சொல்ல வேணாம். நான் சொல்றேன்."

அவள் என் வயிற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. "யார அங்க வெச்சேன்? அங்க யாரும் இல்ல."

"மூணு பேரு இருக்காங்க."

எழுந்து வந்து என் வாயைக் கையால் மூடினாள். கை கம்புமாவும் வியர்வையுமாக இருந்தது. "செத்ததுக்கு இனிமே நான் என்னடி செய்ய முடியும்? இருக்கறதத்தான் காப்பாத்த முடியும். குழி தோண்டட்டும், கோட்டையே கட்டட்டும். பெரியவங்க முன்னால நீ வாயத் தொறந்தே, அப்புறம் நீ என் வயித்துல பொறக்கல. சொல்லிட்டேன்."

கோபத்தில் எல்லா அம்மாக்களும் சொல்வதுதானே என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து பெரியவர்கள் பள்ளிவாசலை ஒட்டிய மரத்தடியில் உட்கார்ந்தார்கள். சித்தப்பா தன் கட்சியைச் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. ஊர்ப் பெரியவர் அம்மாவிடம் திரும்பினார். "தபரா, அந்தக் கள்ளிய நட்டது யாரு?"

"நான்தான்."

"எல்லைக்கா நட்டே?"

யாந்தே சின்னம்மா தலையைக் குனிந்து பாயின் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இருந்த ஒவ்வொரு பெண்ணும் எதையாவது பிய்த்துக்கொண்டுதான் இருந்தாள். அம்மா நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆமா. எல்லைக்குத்தான். அவரு கள்ளி வரைன்னாருன்னா கள்ளி வரைதான்" என்றாள். 

என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்குப் பொறுமை எப்போதும் கிடையாது. குப்பைமேட்டில் கிடந்தபோதே ஊரைக் கூட்டினவளாம் நான். எழுந்து நின்றேன். "பொய். அது எல்லை இல்ல. அங்க இவங்க பெத்த மூணு பிள்ளைங்க கெடக்கு. எனக்கு மூத்ததுங்க. சித்தப்பா, உங்க அண்ணன் பிள்ளைங்க மேலதான் நீங்க குழி தோண்டப் போறீங்க."

 சித்தப்பா தன் மனைவியைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை, அதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெரிய மனுஷர் குழந்தை மாதிரி அழுதார். "அண்ணி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எத்தன தடவ அந்த மேட்டுல உக்காந்து வல பின்னியிருப்பேன் நான்..."

அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அவள் என்னை அவ்வளவு நேரம் நேருக்கு நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூக்கு, காது, வெட்டு விழுந்த மடல், வயிறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பெரியவரிடம் திரும்பினாள்.

"ஊரறியச் சொல்றேன், கேட்டுக்குங்க. இந்தப் பொண்ணு என் மக இல்ல. குப்பைமேட்டுல கெடந்தா, யாந்தே எடுத்தா. தவிட்டுக்கு வாங்கினேன், தவிட்டுக்கே திருப்பிக் குடுத்துட்டேன். இவளுக்கும் எனக்கும் ஒண்ணும் கெடையாது. என்னைத் தேடிக்கிட்டு யார் வந்தாலும் இவகிட்ட வர வேலையில்ல."

கடைசி வாக்கியத்தை அவள் பெரியவரைப் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் மனை இருக்கிற திசையைப் பார்த்துச் சொன்னாள்.

நிலம் எங்களுக்குக் கிடைத்தது. சித்தப்பா குழியை வேறு பக்கம் தோண்டினார்; சுவரைக் கள்ளிக்கு அந்தப் பக்கம், பழைய எல்லைக்கும் அப்பால் தள்ளி, நடுவிலிருந்த தாழ்வை மண் கொட்டிக் கள்ளி மேட்டைவிட உயர்த்தி எழுப்பினார். கேட்டதற்கு மேலேயே கொடுத்தார். அன்று சாயங்காலமே அம்மா தன் பாயையும் தொழுகை விரிப்பையும் ஒரு பானையையும் எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வழியை மறித்தேன். என்னைச் சுற்றிக்கொண்டு, சந்தில் தெரியாதவர்களுக்கு ஒதுங்குவது மாதிரி ஒதுங்கிப் போனாள்.

சுவர் எழும்பும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். அடியில், கள்ளிக்கு நேராக, மழைத்தண்ணீர் போக ஒரு ஓட்டை விட வேண்டும். கொத்தனார் ஒரு கல்லை வைக்காமல் விட்டார். அதற்கு மேல் இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் அம்மா. நான் ஜெயித்த எல்லையின் அழகு இது.

முதல் நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"யாந்தே! பக்கத்து வீட்ல ஒரு கந்தல் கெடந்துதே, காத்துல பறந்து போச்சா, இன்னும் கெடக்கா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. "கெடக்கு, கெடக்கு! சில கிழவிங்க மாதிரி பாயச் சுருட்டிக்கிட்டு ஓடிடல!" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் உலக்கை சத்தம் ஆரம்பித்தது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது என்று எனக்குப் புரிய நாலைந்து நாளாயிற்று. அதற்கப்புறம் தினமும் காலையில் அவள் கேட்பாள், நான் பதிலுக்குத் திட்டுவேன். நான் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானால் அவள் குரல் உயரும், பானை உருளும். "ரெண்டு பேரும் என் தலைய வெச்சு மாவாட்டறீங்க, ஒருத்திக்கொருத்தி நேரா கேட்டாத்தான் என்ன?" என்பாள் சின்னம்மா. கேட்க முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

வலி எடுத்ததும் தாவுதா என்னைப் படகில் கரைக்குக் கொண்டுபோனான். திரும்பி வந்த அன்று காலை சுவருக்கு மேலிருந்து, "என்னமோ சத்தம் கேக்குதே, பக்கத்து வீட்ல பூனை குட்டி போட்டிருக்கா?" என்று வந்தது.

"ஆமா. பொட்டைக் குட்டி."

 "பாக்கவே சகிக்காதே!"

"ஆமா, ஒரு கிழவி மாதிரியே இருக்கு."

அன்றைக்கு முழுவதும் அந்தப் பக்கம் உலக்கை சத்தம்கூடக் கேட்கவில்லை.

எட்டாம் நாள் தீவே திரண்டு வந்தது. ஆடு அறுத்தோம். தயிர் ஊற்றின கம்புக் கூழை யாந்தே சின்னம்மா ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கொண்டுவந்து, "தெருவுல போனவங்க யாரோ குடுத்தாங்க" என்று வைத்தாள். ஒரு வாய் வைத்ததும் யார் கைக்கூழ் என்று நாக்கு சொல்லிவிட்டது.  இமாம் குழந்தையின் காதில் ஓதி, பெயரைச் சொல்லி, பிறகு எல்லோருக்கும் உரக்கச் சொன்னார்: தபரா. எங்கள் வழக்கத்தில் பேத்திக்குப் பாட்டியின் பெயர் வைப்பது மரியாதை. என் கணக்கு வேறு. அவளை அம்மா என்று கூப்பிடத்தானே தடை? பெயரைச் சொல்லிக் கூப்பிட யார் தடுப்பது?

அதன்பிறகு நாள் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினேன். "தபரா, மண்ணத் தின்னாதடீ!" "தபரா, அழுததெல்லாம் போதும்!" சில நேரம் குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும், நான் சுவரருகே துணி உலர்த்திக்கொண்டே, "தபரா, உன் வீம்பு எப்பத்தான் தீரும்? வீட்டுக்கு வந்துடு" என்பேன். அதற்கு மட்டும் பதில் வந்ததே இல்லை.

குழந்தை தவழத் தொடங்கியதும் நேராகச் சுவர் ஓட்டைக்குத்தான் போனாள். ஒருநாள் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் ஆகியும் கையை எடுக்கவில்லை. தேளோ என்னவோ என்று பயந்து போய் இழுத்தேன். வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ பிடித்திருந்தார்கள். நான் விட்டுவிட்டு, சத்தமில்லாமல் அடுப்பங்கரைக்குப் போனேன். கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தை வந்தபோது அவள் உள்ளங்கையில் வேர்க்கடலை உருண்டை இருந்தது.

அவளுக்கு வாய் நிறையப் பேச்சு வந்த வருஷம், மழைக்காலத்தில் அம்மா படுத்தாள். காலைக் கேள்வி மெலிந்துகொண்டே வந்தது. ஒருநாள் அம்மா கேட்டதைச் சின்னம்மா வாங்கிச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குள் நுழைந்தேன். யாரும் தடுக்கவில்லை.

பாயில் ஒரு கைப்பிடியாகக் கிடந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"யாந்தே, யாரோ அசலாளு உள்ள வந்திருக்கா. முன்னபின்ன தெரியாதவங்க முன்னால படுத்துக் கெடக்க எனக்கு வெக்கமா இருக்கு. போகச் சொல்லு."

"ம்மா, நான்தான்" என்றேன். "இத்தன வருஷமாச்சே, யாரு செத்தா? நான் இருக்கேன். குழந்த குத்துக்கல்லாட்டம் இருக்கு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நீ பயந்ததெல்லாம் சும்மா, ம்மா. என்னப் பாரு."

அவள் திரும்பவில்லை. ஆனால் முதுகு சிரித்த மாதிரி லேசாக அசைந்தது. "யாந்தே, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலேன்னா, அது யாரு காத்த காவல்னு அந்தப் பொண்ணக் கேளு."

  அவள் முதுகை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். எலும்பை எண்ணலாம் போலிருந்தது.

இரண்டு நாள் கழித்து, காலையில் கேள்வி வரவில்லை. துணி உலர்த்துகிற சாக்கில் நான் சுவரருகிலேயே நின்றுகொண்டிருந்தேன். யாந்தே சின்னம்மா சந்து வழியாக எங்கள் வாசலுக்கு வந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"இரு, சின்னம்மா, கையக் கழுவிட்டு வரேன். குளிப்பாட்ட நான் இல்லாம யாரு?"

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. நீ தொடக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

"உயிரு போனதுக்கப்புறம் யாருகிட்ட ஒளிக்கறது?" என்று கத்தினேன்.

"போற வழியில அதுங்க மூணும் நிக்குமாம். 'உனக்குப் பின்னால யாரு அழறா, உன் மகளா'ன்னு கேக்குமாம். இல்ல, பக்கத்து வீட்டுக்காரின்னு அவ சொல்லணுமாம். அது பொய்யாயிடக் கூடாதாம். அதனால..." சின்னம்மா என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அதனால அழக்கூட வேணாம்னு சொல்லச் சொன்னா."

நான் பேசியது தப்பென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அந்த மேட்டில் அந்தக் குழியைத் தோண்டவிட்டுவிட்டு என்னால் இங்கே ஒரு வாய் சோறு தின்றிருக்க முடியாது. அவள் செய்ததும் தப்பில்லை. இதுதான் என்னைக் கொல்கிறது. தப்பு யார்மேலாவது இருந்தால் சுவரில் முட்டிக்கொண்டு அவர்களைத் திட்டித் தீர்க்கலாம்.

பெண்கள் அந்தப் பக்கம் கூடுகிற சத்தம் கேட்டது. பலகையை இழுத்துப் போட்டார்கள். சுவரோரமாக வைத்துத்தான் தன்னைக் குளிப்பாட்ட வேண்டும் என்று அவளே சொல்லியிருந்தாளாம். நான் கள்ளியருகே மண்ணில் உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எதற்கு அழப்போகிறாள்?

ஒவ்வொரு குவளையாக ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு ஓட்டையின் வாயில் மண் கருத்தது. தண்ணீர் மெல்ல வந்தது. சோப்பு நுரையும் ஏதோ வாசனை இலையுமாக வந்து, மூன்று கள்ளியின் அடியையும் சுற்றிக்கொண்டு, என் காலடிக்கு வந்து நின்றது. இரண்டு கையையும் அதில் வைத்தேன். இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.

"தபரா" என்றேன்.

வீட்டுக்குள்ளிருந்து என் மகள் குடுகுடுவென்று ஓடிவந்தாள். என்னம்மா என்று முன்னால் நின்றாள். நான் கூப்பிட்டது அவளை இல்லை. எண்ணெய் தடவின தலையும் கொழுகொழு கன்னமுமாக, யார் பார்த்தாலும் தூக்கிக்கொண்டு போய்விடத் தோன்றுகிற மாதிரி இருந்தாள். கள்ளி பக்கத்திலேயே இருந்தது. அவளை வெடுக்கென்று இழுத்து ஈரக்கையால் முகமெல்லாம் சேறு பூசினேன்.

"இங்க எதுக்குடி வந்தே, சனியனே?" என்றேன், மூன்று பேருக்கும் நன்றாகக் கேட்கும்படி. "நீ யாருக்கும் வேணாம், உள்ள போ."